சின்ன சோலார் பேனல் ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் தரும்? கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக்கான கேள்வி பதில்கள்

இங்கே சின்ன பேனல் என்று சொல்வது 10 வாட்டிலிருந்து 200 வாட் வரை உள்ள, 12 வோல்ட் பேட்டரியோடு சேர்த்துப் பயன்படுத்துகிற பேனலை. மாட்டுக்கொட்டகை விளக்கு, தோட்டத்துக் கேமரா, படகு விளக்கு, கரண்ட் போனால் வீட்டில் ஒரு ஃபேன் என்று இந்த வட்டாரத்தில் அதிகம் கேட்கப்படுவது இந்த அளவுதான். கணக்கெல்லாம் 100 வாட் பேனலை வைத்துச் சொல்லியிருக்கிறோம். உங்களிடம் 50 வாட் இருந்தால் பாதியாக்கிக் கொள்ளுங்கள், 200 இருந்தால் இரட்டிப்பாக்குங்கள்.

100 வாட் பேனல் என்றால் எப்போதும் 100 வாட் வருமா?

வராது. பின்புற ஸ்டிக்கரில் உள்ள 100 வாட் என்பது சோதனைச்சாலையில் அளந்தது. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம் விழ வேண்டும், பேனலின் செல் (கரண்ட் உண்டாக்கும் சின்னத் தகடு) சூடு 25 டிகிரியில் இருக்க வேண்டும். முதல் நிபந்தனை நம் ஊரில் நண்பகலை ஒட்டிக் கிட்டத்தட்ட நிறைவேறும். இரண்டாவது நிறைவேறவே நிறைவேறாது. வெளியே 33 டிகிரி இருக்கும்போது வெயிலில் கிடக்கும் செல் 60 முதல் 65 டிகிரி வரை போகும். சூடு ஒரு டிகிரி ஏறினால் பேனலின் திறன் 0.35 முதல் 0.4 சதவீதம் குறையும். 40 டிகிரி ஏறினால் 14, 15 சதவீதம் போய்விடும். ஆகவே பங்குனி வெயிலில், கண்ணாடி சுத்தமாக இருக்கும்போது, நண்பகலில் 85 வாட் கிடைத்தால் அது நல்ல பேனல்.

வெயில் சுட்டெரித்தால் கரண்ட் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்குப் பகை. மழை விட்டு வானம் தெளிந்த காலையில், குளிர்ந்த காற்று அடிக்கும்போது சில நிமிடங்கள் 95 வாட் வரை போவதும் உண்டு.

அப்படியானால் ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு?

காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வெளிச்சம் இருந்தாலும் அது ஒரே அளவாக இருப்பதில்லை. நாள் முழுக்க விழும் வெளிச்சத்தைக் கூட்டி, முழு வெயில் எத்தனை மணி நேரத்துக்குச் சமம் என்று பார்ப்பதுதான் வழக்கம். கடலூர், புதுச்சேரியில் அது ஆண்டுச் சராசரியாக ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். 100 வாட்டை ஐந்தால் பெருக்கினால் 500 வாட் ஹவர். கடைக்காரர் சொல்லும் எண் இதுதான். பேனலுக்கும் உங்கள் விளக்குக்கும் நடுவே போகிற சேதாரத்தை அதில் கழிப்பதில்லை. சூடு, தூசி, ஒயர், கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி; அதன் இரு வகைகளைக் கீழே விளக்கியிருக்கிறோம்), பேட்டரி என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இவ்வளவு:

சாதாரண பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரும் லெட் ஆசிட் பேட்டரியும் இருந்தால் பேனல் வாட்டை 3-ஆல் பெருக்குங்கள். 100 வாட்டுக்கு 300 வாட் ஹவர்.

உண்மையான எம்.பி.பி.டி. கன்ட்ரோலரும் லித்தியம் பேட்டரியும் இருந்தால் 4-க்குக் கொஞ்சம் குறைவு. 100 வாட்டுக்கு 380 வாட் ஹவர்.

அதாவது ஒரு யூனிட்டில் (1000 வாட் ஹவர்) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மாதம் முழுக்கச் சேர்த்தால் ஒன்பதிலிருந்து பதினோரு யூனிட். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு சாமான் வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

ஐப்பசி, கார்த்திகையிலும் இவ்வளவு கிடைக்குமா?

இல்லை. நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அதுதான் பேனலுக்குப் பஞ்ச காலம். மாசி, பங்குனியில் முழு வெயில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். நவம்பர், டிசம்பரில் சராசரி நான்கு மணி நேரத்துக்கு இறங்கிவிடும். 300 வாட் ஹவர் என்று சொன்னது அப்போது 220, 230 ஆகும். இது சராசரி மட்டும்தான். காற்றழுத்தத் தாழ்வு வந்து மூன்று நாள் விடாமல் பெய்தால், கன்னங்கரேல் என்று மூடிய வானத்தில் பேனல் தன் திறனில் பத்து, இருபது சதவீதம்தான் தரும். அந்த நாட்களில் 50 வாட் ஹவர் தேறினாலே பெரிது.

ஆகவே அளவை எப்போதும் கார்த்திகை மழைக்குத் தீர்மானியுங்கள். கரண்ட் அதிகம் போவதும் அந்த மாதங்களில்தானே. சித்திரை வெயிலை வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்கு, தேவைப்படும் நாளில் பேட்டரி காலியாக இருக்கும்.

300 வாட் ஹவரில் என்னென்ன ஓடும்?

ஒரு சின்ன குடும்பத்துக்கு இப்படிப் பிரிக்கலாம். 9 வாட் எல்.இ.டி. பல்ப் இரண்டு, ஐந்து மணி நேரம்: 90. பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் 28 வாட் பி.எல்.டி.சி. (கரண்ட் குறைவாக எடுக்கும் வகை) ஃபேன் ஒன்று, ஆறு மணி நேரம்: 168. செல்போன் இரண்டு சார்ஜ் செய்ய: 50 (5000 எம்.ஏ.எச். போன் ஒன்றுக்குச் சேதாரம் சேர்த்து 25). மொத்தம் 308. கையில் இருப்பது இத்தோடு தீர்ந்தது.

அதே இடத்தில் பழைய 75 வாட் சீலிங் ஃபேனைப் போட்டால் நாலே மணி நேரத்தில் அது ஒன்றே முழுவதையும் குடித்துவிடும். பேனலைப் பெரிதாக்குவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள். செலவும் குறைவு, பலனும் கூடுதல்.

வைஃபை ரூட்டருக்கு 10 வாட் போதும். பத்து மணி நேரத்துக்கு 100 வாட் ஹவர். 32 இன்ச் எல்.இ.டி. டிவி 40 முதல் 60 வாட் வரை எடுக்கும். இரண்டு மணி நேரம் சீரியல் பார்க்க நூறு தேவை.

ஃப்ரிட்ஜ், மிக்ஸி, மோட்டார்?

180 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை எடுக்கும். 100 வாட் பேனலால் முடியாது. அதற்கு 300, 400 வாட்டும் பெரிய பேட்டரியும் வேண்டும். மிக்ஸி 500 முதல் 750 வாட். ஐந்து நிமிடம் ஓடினால் 60 வாட் ஹவர்தான், ஆனால் அந்த இழுப்பைத் தாங்கும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போதே ஆயிரம் வாட்டுக்குக் குறையாது, கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் பேச்சே வேண்டாம்.

பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி. என்ன வித்தியாசம்? எதை வாங்குவது?

12 வோல்ட் பேனல் என்று விற்பதில் வேலை செய்யும் வோல்டேஜ் 18. ஆம்பியர் 5.5. இரண்டையும் பெருக்கினால்தான் 100 வாட். பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் பேனலை நேரே பேட்டரியோடு கோர்த்துவிடுகிறது. பேட்டரி 13 வோல்ட்டில் இருந்தால் பேனலும் 13-க்கு இறங்கி வரும். 13 பெருக்கல் 5.5, சுமார் 72 வாட். மீதி யாருக்கும் பயன்படாமல் போகிறது. எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும்.

ஆனால் நம் ஊர்ச் சூட்டில் அந்த 18 வோல்ட்டே 15 பக்கம் இறங்கிவிடுவதால், எம்.பி.பி.டி. தரும் லாபம் விளம்பரத்தில் சொல்வது போல 30 சதவீதம் இருக்காது. 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வாட் வரை நல்ல பி.டபிள்யூ.எம். போதும் என்பது எங்கள் கருத்து. மிச்சமாகும் பணத்தில் 125 வாட் பேனலாக வாங்கிவிடலாம். 200 வாட்டுக்கு மேல் போனாலோ, 24 வோல்ட் பேனலை 12 வோல்ட் பேட்டரியில் போட்டாலோ எம்.பி.பி.டி. அவசியம்.

எம்.பி.பி.டி. என்று மேலே அச்சடித்து, உள்ளே பி.டபிள்யூ.எம். வைத்து விற்பது ஏராளம். கண்டுபிடிக்க வழி இருக்கிறது: பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது, நண்பகலில் பேனல் பக்கம் வரும் ஆம்பியரையும் பேட்டரி பக்கம் போகும் ஆம்பியரையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது பி.டபிள்யூ.எம். பேட்டரி பக்கம் கூடுதலாக இருந்தால்தான் எம்.பி.பி.டி. கையில் எடுத்தால் காகிதம் போல லேசாக இருக்கிற பெட்டியையும் நம்ப வேண்டாம். உள்ளே செம்புக் காயில் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

பேட்டரி எவ்வளவு ஏ.எச். போட வேண்டும்?

பெரிய பேட்டரி போட்டால் அதிக நேரம் வரும் என்று 100 வாட் பேனலோடு 150 ஏ.எச். டியூப்லர் பேட்டரியைக் கோர்க்கிறார்கள். இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. லெட் ஆசிட் பேட்டரிக்கு அதன் ஏ.எச். அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் சார்ஜ் ஏற வேண்டும். 150-க்கு 15 ஆம்பியர். பேனல் தருவது ஐந்தரை. பேட்டரி ஒருநாளும் நிரம்பாது. நிரம்பாமலே கிடந்தால் உள்ளே தட்டுகளில் ஈயச் சல்பேட் படிந்து கெட்டியாகும். ஓரிரு வருடத்தில் பேட்டரி செத்துப்போகும், பழி பேனல் மேல் விழும்.

100 வாட்டுக்கு 40 முதல் 60 ஏ.எச். லெட் ஆசிட் சரியான ஜோடி. அதிலும் பாதிக்கு மேல் இறக்காதீர்கள். 40 ஏ.எச். பேட்டரியின் கொள்ளளவு 480 வாட் ஹவர். பயன்படுத்தத் தக்கது 240. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 12.8 வோல்ட், 30 ஏ.எச். போதும். அது 384 வாட் ஹவர், அதில் 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம். கன்ட்ரோலரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். லெட் ஆசிட் செட்டிங்கில் உள்ள ஈக்வலைசேஷன் சார்ஜ் (அவ்வப்போது வோல்டேஜைக் கூட்டி ஏற்றுவது) லித்தியத்துக்கு ஆகாது.

இன்வெர்ட்டர் வேண்டுமா?

விளக்கு, ஃபேன், போன், ரூட்டர் மட்டும்தான் என்றால் வேண்டாம். எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் டி.சி.யில் ஓடும் சாமான் கிடைக்கிறது. ரூட்டரின் அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சில 9 வோல்ட். பேட்டரி சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும் என்பதால் ரூட்டருக்கு நடுவில் ஒரு 12 வோல்ட் ரெகுலேட்டர் போடுவது நல்லது.

இன்வெர்ட்டரின் மறைமுகச் செலவை யாரும் சொல்வதில்லை. எதையும் ஓட்டாமல் சும்மா ஆன் செய்து வைத்தாலே பல இன்வெர்ட்டர்கள் 10 முதல் 15 வாட் எடுக்கும். 24 மணி நேரத்துக்கு 240 முதல் 360 வாட் ஹவர். 100 வாட் பேனல் நாள் முழுக்கச் சேர்த்தது அத்தனையும் அதற்கே போய்விடும். வைத்தே ஆகவேண்டும் என்றால் வேண்டும்போது மட்டும் ஆன் செய்யுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். பேட்டரியும் இருக்கிறது. பேனலை அதிலேயே சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் பயன் பெரும்பாலும் இருக்காது. வீட்டு இன்வெர்ட்டர் லைன் கரண்ட்டிலிருந்து பேட்டரியை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கும். நிரம்பிய பேட்டரிக்குப் பேனல் எதைக் கொடுக்கும்? கன்ட்ரோலர் கதவைச் சாத்திவிடும். வெயில் மொட்டை மாடியில் வீணாகும். பகலில் லைன் சார்ஜிங்கை நிறுத்தி வைக்கும் சோலார் இன்வெர்ட்டரோ, அந்த வேலையைச் செய்யும் சோலார் மேனேஜ்மென்ட் யூனிட்டோ இருந்தால்தான் பேனலுக்கு வேலை கிடைக்கும்.

எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு சாய்வாக வைக்க வேண்டும்?

தெற்குப் பார்த்து, சுமார் 12 டிகிரி. கடலூரும் புதுச்சேரியும் 12 டிகிரி வட அட்சத்தை ஒட்டி இருப்பதால் இந்த அளவு. கடலைப் பார்த்து நின்றால் உங்கள் வலக்கைப் பக்கம் தெற்கு. ஒரு மீட்டர் நீளமுள்ள பேனலுக்குப் பின் முனை முன் முனையைவிட 21 செ.மீ. உயரமாக இருந்தால் 12 டிகிரி வந்துவிடும்.

இதில் ரொம்பவும் மெனக்கெட வேண்டாம். ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களின் மூன்றாம் வாரத்தை ஒட்டி நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வரும். இடைப்பட்ட மாதங்களில் வடக்குப் பக்கமே போய்விடும். ஆகவே சாய்வு ஐந்து டிகிரி கூடினாலும் குறைந்தாலும் ஆண்டுக் கணக்கில் பெரிய இழப்பில்லை. ஆனால் படுக்கையாக மட்டும் வைக்காதீர்கள். மழை பெய்து வடியும்போது தூசியும் காக்கை எச்சமும் கீழ் விளிம்பில் சேறாகத் தங்கும்.

தளத்துக்கும் பேனலுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தகரக் கூரையில் ஒட்டினாற்போல் வைத்தால் அடியில் காற்று புகாமல் செல் இன்னும் சூடாகும். நண்பகலுக்குப் பிறகு வீசும் கடற்காற்று நமக்கு இலவசமாகக் கிடைக்கும் குளிர்ச்சி, அதைத் தடுக்காதீர்கள்.

தென்னை ஓலை நிழல் கொஞ்சம்தான் விழுகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது. 100 வாட் பேனலில் 36 செல்களும் சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல் முழுதாக மறைந்தால், அதன் வழியாகத்தான் மற்றவற்றின் கரண்டும் வர வேண்டும் என்பதால் எல்லாம் தடைபடும். பின்னால் உள்ள பெட்டியில் இரண்டு பைபாஸ் டையோடு இருக்கும். அவை மறைந்த பாதியைச் சுற்றிக்கொண்டு போக வழிவிடும். மிஞ்சுகிற பாதிப் பேனலின் வோல்டேஜ் ஒன்பது. அது 12 வோல்ட் பேட்டரியை எப்படி நிரப்பும்? உள்ளங்கை அளவு நிழல் பேனல் முழுவதையும் நிறுத்திவிடும் காரணம் இதுதான்.

ஒரே இடத்தில் காய்ந்து கிடக்கும் எச்சம் இன்னும் மோசம். மறைந்த செல் கரண்ட் உற்பத்தி செய்வதை விட்டு, மற்ற செல்களின் கரண்டைச் சூடாக மாற்றத் தொடங்கும். அந்த இடம் பழுப்பாகி, நாளடைவில் பின்தாள் கொப்புளம் விடும்.

இடம் பார்க்க டிசம்பர் மாதம்தான் சரியான மாதம். அப்போது சூரியன் தெற்கே தாழ்ந்து போகும். மூன்றடி கைப்பிடிச் சுவரின் நிழல் காலை ஒன்பது மணிக்கு நாலரை அடி நீளும், நண்பகலில் இரண்டடி. கிழக்கிலும் தெற்கிலும் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி வையுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே வைக்கவே வேண்டாம்.

ஒயர் எந்த அளவு? எதை முதலில் இணைப்பது?

பத்து மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மி.மீ. செம்பு ஒயர். வீட்டு வயரிங்கில் மிச்சமான 1.5 ஒயரைப் போட்டால் போக வர இருபது மீட்டரில் ஒன்றரை வோல்ட் விழும். 18-ல் ஒன்றரை போனால் என்ன என்று தோன்றும். நண்பகல் சூட்டில் பேனல் 15.2-க்கு வந்திருக்கும், ஒன்றரை கழிந்தால் 13.7. பேட்டரி முழுதாக நிரம்ப 14.4 வேண்டும். வெயில் உச்சத்தில் இருக்கும்போது சார்ஜ் மந்தமாவது இதனால்தான். 4 மி.மீ. ஒயரில் விழுவது அரை வோல்ட்டே.

இணைக்கும் வரிசை முக்கியம். முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் இணையுங்கள். திரையில் 12 வோல்ட் சிஸ்டம் என்று அது அடையாளம் கண்டுகொள்ளட்டும். பிறகு பேனல் மேல் கெட்டித் துணியைப் போர்த்திவிட்டு அதை இணையுங்கள். கடைசியில் லோடு (விளக்கு, ஃபேன் போன்றவை). கழற்றும்போது தலைகீழ்: லோடு, பேனல், பேட்டரி. பேனலை முதலில் இணைத்தால் அதன் 22 வோல்ட்டைப் பார்த்துச் சில கன்ட்ரோலர்கள் 24 வோல்ட் சிஸ்டம் என்று தவறாக எடுத்துக்கொள்ளும், அல்லது எரிந்தே போகும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். 12 வோல்ட் ஆளைத் தாக்காது என்பது உண்மை, ஆனால் ஷார்ட் ஆனால் அதே பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டி ஒயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். தீ வைக்க அது போதும்.

உப்புக் காற்றும் தூசியும் என்ன செய்யும்?

தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், வீராம்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் முதலில் கெடுவது பேனல் இல்லை, இணைப்புகள். முறுக்கி டேப் சுற்றிய மூட்டில் ஆறே மாதத்தில் பச்சைக் களிம்பு ஏறும். கரண்ட் குறையும், மூட்டு சுடும். வெளியே உள்ள மூட்டுகளுக்கு எம்.சி.4 கனெக்டர் (சோலார் ஒயருக்கான, தண்ணீர் புகாத இணைப்பு) போடுங்கள், ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். போல்ட் நட்டு 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அலுமினிய ஃபிரேமும் இரும்புத் தாங்கியும் உரசும் இடத்தில் ரப்பர் வாஷர் வைக்காவிட்டால் உப்பீரத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து உதிரும். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால், உப்புக் காற்றுச் சோதனையான ஐ.இ.சி. 61701 தேறிய பேனலா என்று கேட்டு வாங்குங்கள்.

நெய்வேலி, பண்ருட்டிப் பக்கம் உப்பு குறைவு, தூசி அதிகம். வெயில் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடையுங்கள். சூரியன் ஏறுவதற்கு முன், நல்ல தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். சுட்ட கண்ணாடியில் நண்பகலில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழலாம். தேங்காய் நார், சோப்புத் தூள் கூடாது. போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அப்படியே காய விடாதீர்கள். வெள்ளைப் படலம் கட்டி, தூசியைவிடப் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும்.

புயலுக்கு எப்படிக் கட்டுவது?

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது காற்று மணிக்கு 140 கி.மீ. வரை போனது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ 93 கிலோ. 100 வாட் பேனலின் பரப்பு 0.67 சதுர மீட்டர் என்றால் 60 கிலோவுக்கு மேல் தள்ளும் அல்லது தூக்கும். பேனலின் சொந்த எடையோ ஏழெட்டு கிலோ. கட்டடங்களுக்கான காற்றுத் தரநிலையான ஐ.எஸ். 875, இந்தக் கரைக்கு நொடிக்கு 50 மீட்டர் காற்றைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதன்படி இதே பேனல் மேல் 100 கிலோ.

இரண்டு செங்கல்லை வைத்துச் சாய்த்து வைத்த பேனல் பறந்து போய் யார் தலையிலாவது விழும். இது பணப் பிரச்சினை மட்டுமில்லை. தளத்தைத் துளைத்தால் ஒழுகும் என்று பயந்தால், ஓரடிக்கு ஓரடி, அரையடி உயரத்தில் நான்கு கான்கிரீட் கட்டைகள் வார்த்து, ஒவ்வொன்றிலும் போல்ட் புதைத்துத் தாங்கியின் நான்கு கால்களையும் முடுக்குங்கள். ஒரு கட்டை 34 கிலோ வரும், நான்கும் 136. கயிறோ கட்டுக்கம்பியோ நம்பக்கூடாது.

சின்ன பேனலில் இன்னொரு வசதி: நான்கு நட்டைக் கழற்றினால் கையோடு வீட்டுக்குள் வந்துவிடும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் முந்தின நாளே பேட்டரியை முழுக்க நிரப்பி, பேனலை இறக்கி வையுங்கள். கரண்ட் திரும்ப நாள் கணக்கில் ஆகும்போது மறுபடி மாட்டினால் போன் சார்ஜுக்கும் இரண்டு விளக்குக்கும் கவலையில்லை. பேட்டரியை மட்டும் தரையில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. பேட்டரியும் கன்ட்ரோலரும் மூன்றடி உயரத்தில் இருக்க வேண்டும்.

வாட் உண்மையா, போலியா என்று கடையிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு இன்ச் டேப் போதும். இன்றைய நல்ல பேனல் சதுர மீட்டருக்குச் சுமார் 200 வாட் தரும். 100 வாட்டுக்குக் குறைந்தது அரைச் சதுர மீட்டர் தேவை. ஆன்லைனில் 100 வாட் என்று வரும் 40 செ.மீ.க்கு 30 செ.மீ. பேனலின் பரப்பு 0.12 சதுர மீட்டர். இந்தக் கணக்கில் அது தருவது 24 வாட். எவ்வளவு நல்ல செல்லாக இருந்தாலும் 100 வாட்டை நெருங்க அதற்கு வழியே இல்லை.

சோலார் பவர் பேங்க்கும் இப்படித்தான். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட் ஹவர். முதுகில் உள்ள ஒன்றரை வாட் பேனல் நாளைக்கு ஐந்து வாட் ஹவர் தரும். நிரம்ப இரண்டு வாரம். அதையும் வெயிலில் போட்டு வைத்தால் உள்ளே உள்ள லித்தியம் பேட்டரி சூட்டில் வீங்கும்.

சார்ஜ் ஏறவில்லை. எங்கே பார்ப்பது?

நண்பகலில், பேனலைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றிவிட்டு மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். 19, 20 வோல்ட் காட்ட வேண்டும். பத்தைச் சுற்றிக் காட்டினால் ஒரு பைபாஸ் டையோடு ஷார்ட் ஆகியிருக்கிறது. சுழியம் என்றால் கனெக்டரோ பின்பெட்டியோ.

வோல்டேஜ் சரி என்றால் மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிப் பேனலின் இரு முனைகளையும் மீட்டர் வழியே தொடுங்கள். 5 முதல் 6 ஆம்பியர் வர வேண்டும். வோல்டேஜ் நன்றாக இருந்து ஆம்பியர் இரண்டு, மூன்று என்றால் நிழல், அழுக்கு அல்லது உடைந்த செல். இந்தச் சோதனையைப் பேட்டரி முனைகளில் ஒருபோதும் செய்யாதீர்கள், மீட்டர் வெடிக்கும். ஆம்பியர் 10-ஐத் தாண்டும் பெரிய பேனலிலும் வேண்டாம்.

பேனல் இரண்டிலும் தேறிவிட்டால் மறுபடி இணைத்து, பேட்டரி முனையில் வோல்டேஜ் ஏறுகிறதா பாருங்கள். கன்ட்ரோலரில் 14 காட்டி பேட்டரியில் 13 காட்டினால் நடுவில் உள்ள ஒயர் அல்லது ஃபியூஸ் மூட்டுதான் திருடன். இரண்டிலும் ஏறி, மாலையில் பேனல் நின்றதும் உடனே 12-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது.

இதனால் கரண்ட் பில் குறையுமா? மானியம் உண்டா?

மாதம் பத்து யூனிட்டுக்காகப் பேட்டரி வைப்பது பில் கணக்கில் கட்டுப்படியாகாது. கடலூர்ப் பக்கம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் இன்னும் கட்டாது. சின்ன பேனல் கரண்ட் இல்லாத இடத்துக்கும் கரண்ட் போகும் நேரத்துக்கும் உரியது.

பில்லைக் குறைப்பது நோக்கம் என்றால் லைனோடு இணையும் ஆன்கிரிட் முறைக்குப் போங்கள். ஒரு கிலோவாட் போட்டால் நாளைக்குச் சராசரியாக நான்கு யூனிட் வரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம். பேட்டரியோடு தனியாக நிற்கும் 100 வாட் பேனலுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: லைன் கரண்ட் போனால் ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். மாடியில் மூன்று கிலோவாட் இருந்தும் புயலன்று வீடு இருட்டாக இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கும் தனியாக ஒரு சின்ன பேனல், பேட்டரி வைத்துக்கொள்வது நல்ல யோசனை.

பிறகு இன்னொரு பேனல் சேர்க்கலாமா?

தாராளமாக. பி.டபிள்யூ.எம். என்றால் பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் என்று இணையாகச் சேருங்கள். வோல்டேஜ் ஒன்றாக இருந்தால் போதும். 100 வாட்டோடு 50 வாட்டைச் சேர்த்தாலும் இரண்டும் தத்தம் பங்கைத் தரும். எம்.பி.பி.டி.யில் வரிசையாகக் கோர்த்தால் ஒயர் சேதாரம் குறையும், ஆனால் அப்போது இரண்டும் ஒரே ஆம்பியராக இருக்க வேண்டும். இல்லையேல் சின்னதன் ஆம்பியருக்குப் பெரியதும் இறங்கிவிடும். வரிசையாகக் கோர்த்த மொத்த வோல்டேஜ், கன்ட்ரோலர் தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். 100 வாட் இரண்டு இணையாக வந்தால் 12 ஆம்பியர் வரை வரும். பழைய 10 ஆம்பியர் கன்ட்ரோலரை 20-க்கு மாற்றிவிட்டு, பிறகு இரண்டாவதை மாட்டுங்கள்.